கதாபாத்திரத் திறனெண்களுக்கு வீட்டு விதி வகுக்கும் முறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டங்களில் ஒரு பாத்திரத்தின் திறன்களை எண்ணாக எழுதும் வழக்கம், 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தோடு பரவியது. வலிமை, லாவகம், உடல்திடம், அறிவு, விவேகம், ஆளுமை என்னும் ஆறும் அதில் இன்றும் நீடிக்கின்றன. அவற்றுக்கான எண்களைப் பெறும் வழியில்தான் வீட்டு விதி, அதாவது ஆடும் குழு தனக்கென வகுத்துக்கொள்ளும் விதி, முதலில் தேவைப்படுகிறது.

பழைய முறைப்படி 3 பகடைகளை உருட்டிக் கூட்டினால் சராசரி 10.5 வரும், 18 விழ 216-இல் ஒரு வாய்ப்பே உண்டு. 4 பகடைகளை உருட்டிச் சிறியதை ஒதுக்கினால் (6, 5, 4, 2 விழுந்தால் 15) சராசரி 12-ஐத் தாண்டும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் முதல் ஆட்டத்தை இப்படித்தான் தொடங்கினோம். ஒருவனுக்கு 18 கிடைத்தது. இன்னொருவனுக்கு மிகப்பெரிய எண்ணே 12. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், ஒரு செயல் கைகூடுமா என்று பார்க்க உருட்டும் 20 முகப் பகடையின் எண்ணோடு 18-க்கு +4, 12-க்கு +1 சேரும் என்பதால், வெற்றி வாய்ப்பில் இருவருக்கும் நூற்றுக்குப் பதினைந்து வேறுபாடு விழுந்தது. மூன்றாம் வாரத்தில் அந்த 12-காரப் பையன் பகடையைத் தொடவே தயங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் இப்போது மேசையில் இருப்பவர்கள் முறைவைத்து உருட்டி ஆறு எண்களைச் சேர்க்கிறோம். அந்த ஆறும் எல்லோருக்கும் பொது, எதை எந்தத் திறனுக்கு வைப்பது என்பது மட்டும் அவரவர் விருப்பம். கூட்டுத்தொகை 68-க்குக் கீழோ 76-க்கு மேலோ போனால் முதலிலிருந்து உருட்டுகிறோம். பகடையின் பரபரப்பும் குறையாது, யாரும் பின்தங்கவும் மாட்டார்கள். உருட்டவே விரும்பாத குழுவுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசை போதும்.

எந்தச் செயலுக்கு எந்தத் திறன் என்பதிலும் விதி வேண்டும். என் கருத்தில் எண்களைவிட இதுவே முக்கியமானது. எங்கள் கதை 1741-இல், குளச்சல் போர் நடந்த காலத்துக் கடற்கரையில் நடக்கிறது. கரைமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுக்க வலிமையை உருட்டச் சொல்வேன். ஆனால் அலை பின்வாங்கும் கணம் பார்த்து வள்ளத்தைத் தள்ளுகிறேன் என்று ஆடுபவர் சொன்னால், அது கடலைப் படிக்கும் விவேகம். பனையேறுவதும் அப்படியே: தளைநாரைக் காலில் மாட்டிப் பழகிய கையாக ஏறுபவருக்கு லாவகம், மழையில் வழுக்கும் மரத்தை வெறுங்கையால் கட்டிப்பிடித்து ஏறுபவருக்கு வலிமை. செய்யும் விதத்தை ஆடுபவர் முதலில் சொல்ல வேண்டும், எந்தத் திறன் என்பதை ஆட்டத்தை நடத்துபவர் தீர்மானிக்க வேண்டும், அதன் பிறகே பகடை உருள வேண்டும்; இந்த வரிசை மாறினால் ஒவ்வொருவரும் தம் பெரிய எண்ணுக்கே வழி தேடுவார்கள்.

விதிகளை ஒரு தாளில் எழுதி, முதல் உருட்டலுக்கு முன் எல்லோரும் கேட்கப் படியுங்கள். திருத்தம் தோன்றினால் நடுவில் மாற்றாமல், அன்றைய ஆட்டம் முடிந்த பின் பேசி அடுத்த வாரத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள்.