504-இன் காரணிகளை ஒன்றும் விடாமல் கண்டறிவது எப்படி?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். காரணிகளை எழுதச் சொன்னால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் நினைவுக்கு வந்தவற்றை எழுதிவிட்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறுவதுண்டு. ஆகவே, வகுபடும் விதிகளுக்கு முன்பே எல்லையைக் குறித்துக்கொள்வது நல்லது.

படி 1: காரணிகள் சோடியாகவே வரும்; 2 ஒரு காரணி என்றால், 504 ÷ 2 = 252 என்பதும் காரணியே. 22 × 22 = 484, 23 × 23 = 529 என்பதால், ஒரு சோடியின் இரு எண்களும் 23-க்குக் குறையாமல் இருந்தால் பெருக்கற்பலன் 504-ஐத் தாண்டிவிடும். எனவே 1 முதல் 22 வரை சோதித்தால் போதும்.

படி 2: ஒன்றாம் இலக்கம் 4 என்பதால் 504 இரட்டை எண், 2 ஆல் வகுபடும், 5 ஆல் வகுபடாது. 5 போனால் 10, 15, 20 ஆகியவையும் சேர்ந்தே போய்விடும். 100 என்பது 4-இன் மடங்கு என்பதால், 4-க்குக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்க்கிறோம். இங்கே அது 04, வகுபடும். 8-க்கான விதி கடைசி மூன்று இலக்கங்களைப் பார்ப்பதாகும்; மூன்றிலக்க எண்ணுக்கு அதனால் பயனில்லை. நேராகவே வகுத்தால் 63 கிடைக்கிறது. 63 ஒற்றை எண் என்பதால் 16 காரணி ஆகாது.

படி 3: இலக்கங்களின் கூடுதல் 5 + 0 + 4 = 9; ஆகவே 3, 9 இரண்டாலும் வகுபடும். இது மந்திரமன்று. 500 என்பது ஐந்து 99-களும் ஒரு 5-ம் சேர்ந்தது. 99 எப்படியும் 9 ஆல் வகுபடுவதால், மிஞ்சிய 5-ஐயும் 4-ஐயும் மட்டும் கூட்டிப் பார்க்கிறோம்.

படி 4: 7-க்கு, ஒன்றாம் இலக்கத்தை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்: 50 − 8 = 42. இது 7-இன் மடங்கு என்பதால் 504-ம் வகுபடும். 11-க்கு, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டி வித்தியாசம் காண வேண்டும்: (5 + 4) − 0 = 9; இது 0-மன்று, 11-இன் மடங்குமன்று என்பதால் 11, 22 இரண்டும் நீங்கும். 13, 17, 19 ஆகியவற்றை நேரடியாக வகுத்தால் முறையே 10, 11, 10 மீதி வரும்.

படி 5: பலரும் தவறுவது இங்கேதான். 3, 4 இரண்டாலும் வகுபடும் எண் 12 ஆல் வகுபடும், ஆனால் 4, 6 இரண்டாலும் வகுபடும் எண் 24 ஆல் வகுபட வேண்டியதில்லை, 36-ஐப் பாருங்கள். 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இரு எண்களை மட்டுமே இப்படிப் பெருக்கிச் சொல்லலாம். அந்த வகையில் 6, 12, 14, 18, 21 ஆகியவை காரணிகளாகின்றன.

சோடிகள்: 1 × 504, 2 × 252, 3 × 168, 4 × 126, 6 × 84, 7 × 72, 8 × 63, 9 × 56, 12 × 42, 14 × 36, 18 × 28, 21 × 24. மொத்தம் 24 காரணிகள்.

சரிபார்க்க, 504 = 2 × 2 × 2 × 3 × 3 × 7 என்று பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 2 மூன்று முறையும், 3 இரண்டு முறையும், 7 ஒரு முறையும் வருகின்றன; ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24. 36 போன்ற வர்க்க எண்ணில் மட்டும் 6 × 6 என்ற சோடி ஒரே காரணியைத் தருவதால், எண்ணிக்கை ஒற்றைப்படையாக, 9 என்று வரும்.