ஹியரா, லிசனா? முதலில் தமிழில் பாருங்கள்

ஹியர் என்றாலும் கேள், லிசன் என்றாலும் கேள். அகராதியே இப்படிப் போட்டிருந்தால் படிக்கிறவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் வித்தியாசத்தைத் துருவுவதற்கு முன்னால் அதே இடத்தில் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். பிரிவு பெரும்பாலும் நம்மிடமும் இருக்கும், ஆனால் வேறெங்காவது ஒளிந்திருக்கும்.

"எனக்குச் சத்தம் கேட்டது", "நான் பாட்டுக் கேட்டேன்", இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நான் ஒன்றுமே செய்யவில்லை, சத்தம் தானாகக் காதில் விழுந்தது, அது ஹியர். இரண்டாவதில் உட்கார்ந்து காது கொடுத்தேன், அது லிசன். 'எனக்கு' வந்தால் ஹியர், 'நான்' வந்தால் லிசன் என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாது (கேள்விப்பட்டதற்கு மட்டும் ஹியர்தான்). போனில் குரல் விட்டுவிட்டு வரும்போது "கேன் யூ ஹியர் மீ?" என்றால் "காதில் விழுகிறதா?" என்று அர்த்தம். அங்கே "ஆர் யூ லிசனிங்?" என்று கேட்டால் "நான் சொல்வதைக் காதில் வாங்குகிறாயா இல்லையா?" என்று அதட்டுவது மாதிரி ஆகிவிடும். அப்புறம், லிசனுக்குப் பின்னால் ஆளோ பாட்டோ வந்தால் நடுவில் ஒரு 'டு' வேண்டும்: லிசன் டு மீ.

கண்ணில் பட்டால் ஸீ, திரும்பிப் பார்த்தால் லுக், நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வாட்ச்.

ஸே, டெல் விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது, நமக்கு இரண்டுமே 'சொல்'தான். அதனால்தான் "ஹி டோல்ட் தட்" என்று எழுதிவிடுகிறோம். டெல் வந்தால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும், ஹி டோல்ட் மீ. ஆள் இல்லையென்றால் ஹி ஸெட். கதை, பொய், உண்மை இதற்கெல்லாம் ஆள் இல்லாமலும் டெல்தான், அதை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஸ்டார்ட்டும் பிகினும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாறும், ஆனால் வண்டியிடம் மாறாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணு என்கிறோம், 'வண்டியை ஆரம்பி' என்று யாராவது சொல்வதுண்டா? பிகின் அந்த 'ஆரம்பி' மாதிரி.

சில ஜோடிகளில் அர்த்தம் ஒன்றுதான், இடம்தான் வேறு. 1066-ல் பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சி வேலைகளில் பிரெஞ்சும் லத்தீனும் புழங்கின, அப்படி வந்த சொற்களில் பலவற்றுக்கு இன்றும் ஆபீஸ் வாசனை போகவில்லை. 'வாங்கு' என்பதற்கான பை, பர்ச்சேஸ் ஜோடி அப்படித்தான். நண்பரிடம் "ஐ பர்ச்சேஸ்டு எ பென்" என்பது "ஒரு பேனா கொள்முதல் செய்தேன்" என்று சொல்வது போல.

புதிதாக ஒரு ஜோடி வந்தால் அகராதியில் அர்த்தத்தைத் தாண்டி உதாரண வாக்கியங்களுக்குப் போய், ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுப் பாருங்கள். ஆட்களைப் பற்றிய சொல்லாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? "யூ ஆர் ஸ்லிம்" என்றால் சிரிப்பார்கள். ஸ்கின்னி என்றால், அது கிட்டத்தட்ட நோஞ்சான்.