காலண்டர் தாளை நம்பி டிக்கெட் போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகளுக்கு நாள் பார்த்துக் கொடுக்கிறேன். இப்போது இளவட்டங்கள் தாங்களே பஞ்சாங்கம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். அஷ்டமி, நவமி கூடாது என்பதையெல்லாம் வீட்டு ஆச்சிமாரே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு தேதிக்கு ஒரு திதி என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நிலவு சூரியனை விட்டு 12 பாகை விலகிப்போக ஆகும் நேரம் ஒரு திதி. நிலவின் ஓட்டம் சீராக இல்லாததால் சில திதி 19 மணி நேரத்திலேயே முடியும், சில 26 மணி வரை இழுக்கும். பட்டப்பகலிலும் மாறும். காலண்டரோ சூரிய உதயத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் முதலில் போடும்.

தேவகோட்டையில் ஒரு வீட்டில் அப்பச்சி திதி, அதாவது இறந்துபோன அப்பாவுக்கு அவர் இறந்த திதியில் கொடுக்கும் வருஷத் திதி; தேய்பிறை பஞ்சமி. மலேசியாவில் இருக்கும் பிள்ளைகள், புதன்கிழமைத் தாளில் பஞ்சமி என்று பார்த்துவிட்டு, செவ்வாய் ராத்திரி வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டார்கள். சமையலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. அப்புறம்தான் என்னிடம் கேட்டார்கள். பஞ்சமி செவ்வாய் பகல் 11.50க்கு வந்து, புதன் காலை 9.40க்கே போய்விடுகிறது. வருஷத் திதிக்குப் பார்க்க வேண்டியது அபராண்ண வேளை. பகலை ஐந்து பங்காக்கினால் நாலாவது பங்கு அது. ஆறுக்கு ஆறு பகல் என்றால் 1.12 முதல் 3.36 வரை. புதனன்று அந்த வேளையில் இருப்பது சஷ்டி. ஆக, திதி செவ்வாய்க்கிழமை.

"காலண்டர்ல பஞ்சமின்னுதானே அண்ணே போட்டிருக்கு?" என்றார் மூத்தவர். அதே தாளில், பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'காலை 9.40 வரை, பிறகு சஷ்டி' என்றும் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்! நாலு பேருக்கும் டிக்கெட்டை மாற்றியதில் திதிச் செலவைவிடக் கூடுதலாகப் போனது.

நாழிகையை மணியாக வாசிப்பது

பஞ்சாங்கப் புத்தகத்தில் 18.30 என்று நாழிகைக் கணக்கில் இருந்தால் அது மாலை ஆறரை அல்ல. உதயத்திலிருந்து 18 நாழிகை, 30 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம்; அதில் 60 விநாடி, கடிகார விநாடி அல்ல. உதயம் 6.10 என்றால் பிற்பகல் 1.34.

ஊர் ராகு காலத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்புவது

திதி முடிவது எல்லா ஊருக்கும் ஒரே கணம். நம் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் சிங்கப்பூர் நேரம். ராகு காலத்துக்கு அப்படிக் கூட்டக் கூடாது. அந்த ஊர்ப் பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். அங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டி. திங்கட்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 8.30 முதல் 10 வரை. நம்மூர் ஏழரை–ஒன்பது அங்கே செல்லாது.

விடியுமுன் பிறந்த பிள்ளை

சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்தால், பஞ்சாங்கப்படி வெள்ளிக்கிழமை; அதில் நாள் தொடங்குவது உதயத்தில்தான்.

வாக்கியமா, திருக்கணிதமா?

பஞ்சாங்கம் கணிக்கும் முறை இரண்டு, இவை அவற்றின் பெயர்கள். உங்கள் வீட்டில் எதுவோ அது. இரண்டையும் கலக்காதீர்கள்.