சாப்பிட மாட்டன் என்கிற பிள்ளை: வீட்டிலேயே நடக்கிற பிழைகள்

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, நிறை பார்க்கிற நாளில் குடும்பநல உத்தியோகத்தரின் காதில் விழாமல் போகாத முறைப்பாடு ஒன்று உண்டு: "பிள்ளை ஒண்டுமே சாப்பிடுறானில்லை." அந்தப் பிள்ளை ஒரு நாள் முழுக்க வாயில் வைத்த எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

காலை 6 மணிக்கு எழும்பினதும் சீனி போட்ட பால், கூடவே இரண்டு பிஸ்கட். 8 மணிக்கு இடியப்பம் வைத்தால் வேண்டாம். 10 மணிக்கு அழுதால் திரும்பவும் பால். மத்தியானம் சோற்றில் நாலு வாய். "பாவம், வெறும் வயிறு" என்று அம்மம்மா கொடுக்கிற ரொபி. பின்னேரம் மறுபடி பால். ஆடை நீக்காத பால்மாவில் கரைத்த 200 மில்லிலீற்றர் பால், இரண்டு தேக்கரண்டி சீனியோடு ஏறத்தாழ 150 கலோரி. மூன்று பேணி என்றால் 450. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவையே ஏறத்தாழ 1000 கலோரிதான். பிறகு சோறு எங்கே இறங்கும்?

ஆகவே கறியை மாற்ற முதல் நேரத்தை மாற்றுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை மூன்று மணித்தியாலம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மாப்பாலோ பசுப்பாலோ நாளுக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. தாய்ப்பால் இந்தக் கணக்கில் சேராது. சிற்றுண்டிக்கு அவித்த பயறு, கௌபி, கப்பல் வாழைப்பழம், பப்பாசி, தயிர் போதும். பாலைப்பழக் காலம் வந்தால் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் வேண்டாம், புரைக்கேறும்; இடித்துக் கொடுக்கலாம். முதல் நாலைந்து நாள் பிள்ளை கத்தும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒளித்து ஒரு பிஸ்கட் நீட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். பக்கத்து வளவுக்காரருக்கும் முதலே சொல்லி வையுங்கள்.

கோப்பையில் மலைபோல் போடுவது அடுத்த பிழை. பிறந்த நிறை முதல் வருடத்தில் மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும், அது வருத்தமல்ல. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்குங்கள்: மூன்று வயதென்றால் சோறு மூன்று, பருப்பு மூன்று, மரக்கறி மூன்று. கேட்டால் இன்னும் போடலாம்.

"இன்னும் ஒரு வாய்", "பிள்ளைபிடிகாரன் வாறான்", கையில் போன்: மூன்றும் ஒரே பலனைத்தான் தரும். பிள்ளை சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கப் பழகும். என்ன, எப்போது என்பதை வீடு முடிவுசெய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவுசெய்யட்டும். அரை மணித்தியாலத்தில் ஏச்சில்லாமல் கோப்பையை எடுத்துவிடுங்கள். வறை சாப்பிட்டால் ரொபி என்று பேரம் பேசினால், வறை தண்டனை, ரொபி பரிசு என்றுதான் பிள்ளைக்கு விளங்கும்.

எங்கள் குசினியில் பெரிய தடை தூள்தான். உறைப்புக் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுக்கிறார்கள். உறைப்பு சதைக்குள் ஊறியிருக்கும், கழுவினால் போகாது. அல்லது சொதியும் உருளைக்கிழங்குமே பிள்ளையின் கறியாகிவிடுகிறது. இதற்காகத் தனிச் சமையல் வேண்டியதில்லை. பூசணிக்காயை மஞ்சள், கொஞ்ச உப்பு, தேங்காய்ப்பாலில் அவியவிட்டு, தூள் போட முதல் இரண்டு அகப்பை எடுத்து வையுங்கள். மிச்சத்துக்குத் தூள் போடுங்கள். விராலோ ஜப்பான் மீனோ என்றால் இரண்டு துண்டைச் சொதியில் அவித்து, சதையை விரல்களுக்கிடையில் நசித்துத் தடவிப் பார்த்து முள்ளெடுங்கள். கண்ணுக்குத் தப்பினது விரலுக்குத் தப்பாது. பிறகு சில கிழமைக்கொருமுறை எடுத்து வைத்ததில் ஒரு சிட்டிகை தூள் சேர்த்துக்கொண்டு போனால் பிள்ளை வீட்டுக் கறிக்கே வந்துவிடும்.

முருங்கையிலை வறையை மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டு "இவன் கீரை தின்னமாட்டான்" என்று பிள்ளைக்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்வது எங்கும் நடக்கிறது. புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்கப் பத்துப் பதினைந்து தரமாவது அது கண்ணில் படவேண்டியிருக்கும். ஒரு தேக்கரண்டி அளவைக் கோப்பை ஓரத்தில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். மணந்து பார்த்தாலும் தொட்டுப் பார்த்தாலும் அதுவும் ஒரு தரம்தான். ஒரு நாள் வறை, இன்னொரு நாள் முட்டையோடு பொரியல். அப்பா தன் கோப்பையில் கீரையை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் எடுத்தால் இதெல்லாம் பலிக்காது. நெல் வெட்டுக் காலத்தில் பெரியவர்கள் வயலில் நிற்கும்போது பிள்ளை தனியாகத்தான் சாப்பிடும். இராச் சாப்பாடாவது எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள்.

சாப்பாட்டோடு தேத்தண்ணீர் கொடுக்கவே கூடாது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுக்க அது விடாது. மாறாக, அடுப்பால் இறக்கிய பிறகு கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால், அல்லது சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தால், இரும்பு கூடச் சேரும்.

கிளினிக்கில் கிடைக்கிற திரிபோஷா என்ற சத்துமாவைத் தண்ணீராகக் கரைத்து வீட்டில் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். அது நிறை குறைந்த அந்தப் பிள்ளைக்குரியது: நாளுக்கு 50 கிராம், 750 கிராம் பைக்கற் 15 நாளுக்கு. ஏற்கெனவே வெந்த மா என்பதால் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து, கொதித்தாறிய நீர் தெளித்து உருண்டையாகப் பிடித்தால் போதும்.

இவ்வளவும் செய்தும் பதிவேட்டில் நிறைக் கோடு இரண்டு மாதம் தொடர்ந்து நிமிராவிட்டால், அல்லது விழுங்கும்போதெல்லாம் புரைக்கேறினால், வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ தின்கிற பிள்ளையை ஏசி நிறுத்த முடியாது. இரும்புச் சத்துக் குறைவுதான் பல நேரம் காரணம். வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள், பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள்.