கட்டி தட்டாத கேழ்வரகுக் களியும் முள்கத்தரிக்காய்க் கடைசலும்

மாவைக் கொட்டிய உடனே கிண்ட ஆரம்பிப்பதால்தான் புதிதாகச் செய்கிறவர்களுக்குக் களி கட்டி தட்டுகிறது. வேலூர்ப் பக்கம் கை பழகியவர்கள் மாவு கொதியில் வெந்து அடங்கும் வரை கிண்டுகிற கட்டையைத் தொடவே மாட்டார்கள். அந்தப் பொறுமை வந்துவிட்டால் களி ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மூன்று பேருக்கு: கேழ்வரகு மாவு 2 டம்ளர், அரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், உப்பு. முதலில் நொய்யைக் கழுவி அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். அது ஊறுவதற்குள் கடைசல் முடிந்துவிடும்.

கடைசலுக்கு இலவம்பாடி முள்கத்தரிக்காய் கால் கிலோ. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் விளைகிற காய்; 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. கிடைக்காத ஊர்க்காரர்கள் சாதாரணக் கத்தரிக்காயிலேயே செய்யலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முள் காம்பிலும் அதன் கீழே உள்ள பச்சைத் தொப்பியிலும் இருக்கும். அதனால் காயை வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டு காம்பை நறுக்கித் தள்ளுங்கள். வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

அதோடு தக்காளி 2, பச்சை மிளகாய் 4, ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, மஞ்சள்தூள், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி வேகவிடுங்கள். காய் குழைந்த பிறகுதான் சிறிது புளியும் உப்பும். புளியை முன்னாடியே போட்டால் காய் சீக்கிரம் வேகாது. மிஞ்சிய தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டு மத்தால் கடையுங்கள். கெட்டியாக இருந்தால் அதையே திரும்ப ஊற்றலாம். தயவுசெய்து மிக்ஸி வேண்டாம், விழுதாகிவிடும். கடலை எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சரி.

இப்போது களி. அடி கனமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நொய்யும் உப்பும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். வெந்ததும் மேலே தெளிந்து நிற்கும் கஞ்சித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துத் தனியே வையுங்கள். இதை மறக்காதீர்கள், பின்னால் களி இறுகினால் கை கொடுப்பது இதுதான்.

தீயைக் குறைத்து, மாவை நடுவில் மேடாகக் கொட்டுங்கள். கட்டையின் காம்பால் மேட்டின் நடுவே அடிவரை ஒரு குழி போடுங்கள். கொதி அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவை நனைக்கும். பாதி மூடி, ஏழெட்டு நிமிடம் அப்படியே விடுங்கள். உலர்ந்த மாவைக் கலக்கினால் வெளிப்புறம் மட்டும் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு சிக்கிவிடும். கட்டி என்பது அதுதான்.

அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்டுங்கள். பாத்திரம் சுற்றும், துணியால் இன்னொருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. கட்டையைப் பாத்திரத்தின் பக்கத்தில் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கட்டியில்லாமல் வந்ததும் மறுபடி சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் மூடி வையுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

சூடு பொறுக்கும்போதே கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு உருண்டை பிடியுங்கள். சாப்பிடும்போது சிறிது பிய்த்து, கடைசலில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பும்.

மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு கரைத்து, மோரும் உப்பும் வெங்காயமும் சேர்த்தால் கூழ் தயார். கடைசல் மிச்சமிருந்தால் அதையே தொட்டுக்கொள்ளலாம், ஆனால் ராத்திரி அதை ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும்.