ஈர மண்ணில் வாடிய தக்காளி

வேலூர் வெயிலில் மத்தியானம் இலை தொங்குவது சகஜம். வேர் இழுக்கும் தண்ணீரைவிட இலைத்துளை வழியாகப் போவது அதிகம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். எங்கள் மாடியில் ஒரு தக்காளி மட்டும் விடிந்தும் நிமிரவில்லை. மண்ணோ ஈரம். நிழல்வலை கட்டினேன், வேப்பெண்ணெய் அடித்தேன், பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: விடியற்காலையில் மற்றச் செடிகளின் இலை ஓரத்தில் மட்டும் சொட்டுகள் வரிசையாக நின்றன. பனி என்றால் இலை முழுக்கப் படரும். இது வேர் உறிஞ்சி, தன் அழுத்தத்தால் இலை வரை தள்ளிய தண்ணீர். வாடிய செடியில் ஒரு சொட்டும் இல்லை. சரி, கோளாறு வேரில்தான்.

தொட்டியைச் சாய்த்தால், அடித்துளையைக் களிமண் அடைத்திருந்தது. காற்றில்லாத வேர் தண்ணீரில் நின்றாலும் சரியாக உறிஞ்சாது. கம்பியால் குத்தியதும் நாற்றத்தோடு ஒழுகியது. மணல், தென்னை நார்க்கழிவு கலந்து மாற்றி நட்டு, நீரிழப்பு குறைய இலைகளில் பாதியைக் கிள்ளினேன். அந்த வாரமே நிமிர்ந்தது, அப்பாடா!