மாருதி 800-க்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்றுவது எப்படி?

மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மாருதி 800-ல் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். அது அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தாலும் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். அந்த ‘ப்ளே’ இல்லையென்றால், கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்துங்கள். பல வண்டிகளுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடும்.

ப்ளே இருந்தும் வழுக்குகிறதா? முன்னும் பின்னும் ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நான்காவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் சட்டென்று நின்றால் பிளேட்டில் இன்னும் பிடிப்பு இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மாற்றத்தான் வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், சூடேறி மிச்சமிருப்பதும் கருகும்.

கடையில் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். கூடவே ஆக்சில் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) ஆயில் சீல், கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) பின்பக்கச் சீல், கேபிள், கியர் ஆயில். பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடித்தால், பேரிங் சத்தம் போடும் நாளில் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்.

இறக்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியர் ஆயிலை வடித்துவிட்டுத்தான் ஆக்சிலைத் தொட வேண்டும். முதல்முறை நான் இதை மறந்தேன். அன்று சட்டையோடு ஆயில் குளியல்.

பிறகு கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும், அதனால் எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள். கீழ் ஆர்மின் பால் ஜாயின்டை விடுவித்து, லீவரால் நெம்பினால் ஆக்சில்கள் வெளியே வரும். இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தபின் கியர்பாக்ஸ் மவுண்டைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்க இரண்டு பேர் வேண்டும். இன்ஜினை விட்டு நேராகப் பக்கவாட்டில் இழுங்கள், அதன் எடை கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் ஷாஃப்டில் தொங்கக் கூடாது.

உள்ளே கருப்புத் தூள் அப்பியிருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்தோடு துடையுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஃப்ளைவீல், அதாவது பிளேட் ஒட்டிச் சுழலும் இன்ஜின் பக்கச் சக்கரம், அதன் முகத்தில் நீலத் திட்டு, விரிசல், விரல்நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் லேத்தில் காட்டுங்கள். ஆயில் ஈரம் தெரிந்தால் சீலை மாற்றாமல் மேலே போகாதீர்கள். இல்லாவிட்டால் புது பிளேட்டும் ஒரே மாதத்தில் ஆயில் குடித்துவிடும்.

நிதானம் வேண்டியது மாட்டும்போதுதான். பிரஷர் பிளேட்டின் புது முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், அதைத் துடையுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் துருத்திய பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஒருமுறை திருப்பி மாட்டி, எல்லாம் ஏற்றி முடித்தபின் கியரே விழாமல் விழித்தேன். மச்சான் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். பிளேட்டை நடுவில் நிறுத்த சென்டரிங் டூல் இருந்தால் நல்லது, பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிடைத்தாலும் போதும். டூலை எடுக்காமலே போல்ட்டுகளைக் குறுக்காக இறுக்கி, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) மேனுவல் அளவுக்கு முடியுங்கள்.

ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். வழிந்தால் பிளேட்டில்தான் போய் விழும். ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். அந்த பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் புஷ் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஏறும்போது கடைசி ஒரு அங்குலம் அடம் பிடிக்கும். போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்தால் ஹவுசிங் உடையும். கிராங்கைக் கொஞ்சம் திருப்பி, கியர்பாக்ஸை லேசாக ஆட்டினால் ‘டொக்’கென்று உட்காரும்.

மற்றதெல்லாம் கழற்றியதன் தலைகீழ் வரிசை. ஆக்சில் மாட்டும் முன் புது சீல் போடுங்கள். கியர் ஆயிலை ஃபில்லர் துளையில் நிரப்பி வழியும்போது நிறுத்துங்கள். கேபிளில் ப்ளே வைத்து, வண்டி நின்றபடியே எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் கரகரவென்றால் ப்ளே அதிகம் இருக்கலாம். முதல் 500 கி.மீ. கிளட்சில் காலை ஊன்றிக்கொண்டு ஓட்டாதீர்கள், சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள். பிளேட் படிந்ததும் ப்ளே குறையும். அப்போது கேபிள் நட்டை இன்னொரு முறை சரிபாருங்கள்.